கோதுமை ஆகாதவன்

அடுத்தவர் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். வண்டியைப் பார்த்தும் பட்டிருக்கிறேன். ஆனால் என்னைச் சரியாகத் தூங்கவிடாமல் செய்த பொறாமை, ஒருவனுடைய வயிற்றுவலியின் மேல் வந்தது.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தன. அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் அவரைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்கிற கம்பெனிகள் பெங்களூரில் தெருவுக்குத் தெரு முளைத்திருந்த காலம். அப்படி ஒன்றில் நான் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அப்பா கார்ப்பரேஷனில் ரோடு போடுகிற கேங்கில் இருந்தார். அம்மா கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் பட்டன் தைத்தாள். மகன் ஏசி ரூமில் உட்கார்ந்து காதில் மெஷினை மாட்டிக்கொண்டு அமெரிக்க டாக்டர் பேசுவதைக் கேட்கிறான் என்று ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து முழுக்க அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

வேலை எளிமையானதுதான். காலடியில் ஒரு பெடல் இருக்கும். அழுத்தினால் குரல் ஓடும், விட்டால் நிற்கும். கேட்டதை அடிக்க வேண்டும். எத்தனை வரி அடித்தோம் என்று கம்ப்யூட்டரே கணக்கு வைத்துக்கொள்ளும். அதற்கு லைன் கவுண்ட் என்று பெயர். ஆறு மாதப் ப்ரொபேஷன் முடிவதற்குள் அந்தக் கவுண்ட் ஏறினால்தான் வேலை நிரந்தரம். ஏறாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

என் கவுண்ட் ஏறவில்லை. விரல் வேகமாகத்தான் ஓடியது, வயிறுதான் ஓடவிடவில்லை. காலையில் ஹெட்ஃபோனை மாட்டிய சிறிது நேரத்தில் தொப்புளைச் சுற்றி ஒரு முறுக்கல் கிளம்பும். வயிறு பலூன் போல உப்பும். பெடலை விட்டுவிட்டு ஓடுவேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடியும். பி.யு.சி. படிக்கும்போதே தொடங்கிய தொல்லை இது. அப்போதே அம்மாவோடு எங்கள் ஏரியா டாக்டரிடம் போயிருந்தேன். அவர் கன்னடக்காரர், எங்களுக்காகத் தமிழ் பேசுவார். வயிற்றை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஹொட்டேல, வயித்துல, ஒண்ணும் இல்லப்பா. எல்லாம் இங்க இருக்கு" என்று என் நெற்றியைத் தொட்டார். "டென்ஷன். படிக்கிற பசங்களுக்கு வர்றது."

அம்மா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அப்பா சிரித்தார். "படிக்கிறவனுக்கு வர்றதா? அப்போ நம்ம வம்சத்துக்கே இவன்தான் கொண்டாந்திருக்கான்." பிறகு ஒரு பிடி ஓமத்தை என் கையில் வைத்து, "மென்னுட்டுப் போ" என்றார். ஜுரத்தோடு தார் ஊற்றப் போகிற மனிதர். ஆளைப் படுக்கையில் தள்ளாத எதுவும் அவர் கணக்கில் நோய் இல்லை.

இந்த நிலையில்தான் அவன் தன் நோயை அறிவித்தான்.

என் பேட்ச்சில் சேர்ந்தவன், பக்கத்து சீட். வீடு ஜெயநகரில். அப்பா பேங்க்கில் பெரிய பதவி. வீட்டில் தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுவார்களாம். எல்லோரையும் "மச்சா" என்று கூப்பிடுவான். நல்லவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது.

டீமில் யாருக்கோ பிறந்தநாள். கேக் வெட்டி ஆளுக்கொரு துண்டு நீட்டினார்கள். அவன் கையைக் குவித்து மறுத்தான். "சாரி, எனக்குக் கோதுமை ஆகாது. க்ளூட்டன் சென்சிட்டிவிட்டி. சாப்பிட்டா வயிறு முறுக்கும், உப்பிக்கும், ஓடிட்டே இருக்கணும்."

என் கையில் கேக் துண்டு அப்படியே நின்றது. முறுக்கல், உப்பல், ஓட்டம். அவன் சொன்னது ஒவ்வொன்றும் என் வயிறு. என் வயிற்றை அவன் ஒரு பெயரோடு சொல்லிக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்கள் முகத்தில் எல்லாம் ஒரு மரியாதை.

"ஐயோ பாவம்ப்பா, முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றார் எங்கள் டீம் லீடர். லிங்கராஜபுரத்திலிருந்து வருகிற மேடம். கண்டிப்பானவர், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருடைய டப்பாவையும் எட்டிப் பார்த்து விசாரிக்கிறவர். அன்றே அவனுக்கு மட்டும் ஐஸ்கிரீம் வந்தது. மறுநாளிலிருந்து அவன் சீட் கதவுக்குப் பக்கத்தில் மாறியது. "எழுந்து போகணும்னா போங்க, கவுண்டப் பத்திக் கவலைப்படாதீங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று மேடம் சொன்னது என் ஹெட்ஃபோனையும் தாண்டிக் கேட்டது. வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் சாப்பாட்டைப் பங்கு போட்டுச் சாப்பிடுவோம். சப்பாத்தி தொட்ட கரண்டி அவனுடைய சோற்றில் பட்டுவிடக் கூடாது என்று முதல் பங்கு அவனுக்குத்தான். நான் எழுந்து ஓடும்போது மட்டும் பின்னால், "ரன் எடுக்கப் போயிட்டான்டா" என்று ஒரு குரலும் அதற்கு ஒரு சிரிப்பும்.

அவன் சென்சிட்டிவ். நான் டென்ஷன்.

எங்களுக்கு வந்த குரல்களில் ஒரே கிளினிக்கைச் சேர்ந்த இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். ஒருவர் வயிறு என்று யார் வந்தாலும் கோதுமையை நிறுத்தச் சொல்வார். ரொட்டியை விட்ட பிறகு நோயாளி எப்படித் தேறினார் என்று உற்சாகமாகச் சொல்லுவார். இன்னொருவர் எதையோ மென்றுகொண்டே பேசுவார். நோயாளி கோதுமைதான் காரணம் என்று பிடிவாதமாக நம்புவதாகவும், தனக்கென்னவோ இது மனக்கவலையால் வருவதாகத்தான் படுகிறது என்றும் அலுப்போடு சொல்லிவிட்டு, தூக்கத்துக்கும் கவலைக்கும் மாத்திரை எழுதுவார். நான் மனதுக்குள் அவர்களுக்குக் கோதுமைக்காரர், மனசுக்காரர் என்று பெயர் வைத்திருந்தேன். ஒருமுறை ஒரே அம்மாள் இருவரிடமும் போயிருந்தார். காலையில் அவருக்குக் கோதுமை என்று அடித்தேன். மத்தியானம் அதே அம்மாளுக்கு மனசு என்று அடித்தேன். இரண்டு இடத்திலும் அந்த அம்மாள் சொன்ன வலி ஒன்றுதான்.

அப்போதிலிருந்து கோதுமைக்காரரின் குரல் வந்தால் என் மனம் நிமிர்ந்து உட்காரும். மனசுக்காரர் வந்தால் எங்கள் ஏரியா டாக்டரின் விரல் நெற்றியில் படுவது போல இருக்கும்.

நானும் கோதுமையை விட்டேன்.

வீட்டில் அது சுலபமாக இல்லை. அப்பாவுக்கு சுகர் வந்ததிலிருந்து ராத்திரி எல்லோருக்கும் சப்பாத்திதான். அதற்கு முன் களி கிண்டிக்கொண்டிருந்த வீடு. நான்தான் காலேஜில் சேர்ந்த புதிதில் களி வேண்டாம், சப்பாத்தி சுடு என்று அம்மாவிடம் சண்டை போட்டவன். இப்போது நானே போய், "எனக்கு மட்டும் களி கிண்டும்மா, கோதுமை எனக்கு ஆகாது" என்றேன்.

அம்மா கையில் சப்பாத்திக் கட்டையோடு திரும்பினாள். "ஆகாதா? ரேஷன் கோதுமைல வளந்த உடம்புடா இது. எந்த மகாராணி சொன்னா ஆகாதுன்னு?"

"ஆபீஸ்ல ஒருத்தனுக்கு இதே மாதிரி…"

"அவனுக்கு ஆகலன்னா உனக்கும் ஆகாதா? நாளைக்கு அவன் கண்ணாடி போட்டா நீயும் போட்டுக்குவியா?"

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "கிண்டிப் போடுடி. சப்பாத்தில எனக்கு ரெண்டு கூடக் கிடைக்கும்."

சில வாரங்களில் வயிறு அடங்கியது. முறுக்கல் வந்தாலும் லேசாக வந்து போனது. காலையில் பெடல் மேல் கால் வைத்தால் மத்தியானம் வரை எடுக்காமல் அடிக்க முடிந்தது. கவுண்ட் ஏறத் தொடங்கியது. எது குணப்படுத்தியது என்று எனக்கு இன்றும் திட்டவட்டமாகச் சொல்லத் தெரியாது. கோதுமை போனதாலா, என் வலிக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்று நம்பியதாலா? அப்போது அந்தக் கேள்வியே எழவில்லை. நானும் அவன் கட்சி என்ற பெருமைதான் எழுந்தது.

அந்தப் பெருமையில் மத்தியானச் சாப்பாட்டில் வாயைத் திறந்துவிட்டேன். "மேடம், எனக்கும் கோதுமை ஆகாது."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு மேசையே சிரித்தது. "அட, ஸ்ரீராம்புரம் வரைக்கும் வந்துடுச்சா அது? எந்த பஸ்ல வந்துச்சு மச்சி?" என்றான் ஒருவன். சிரிக்காதவன் ஜெயநகர்க்காரன் ஒருவன்தான். "நிஜமாவா மச்சா?" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டான். தனியாக அலைந்தவனுக்குத் துணை கிடைத்த சந்தோஷம் அவன் முகத்தில். அந்தச் சந்தோஷத்தின் மேலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரிப்பா. டாக்டர் சர்டிஃபிகேட் ஒண்ணு கொண்டா, பாக்கலாம். கன்ஃபர்மேஷன் வேற வருது, சும்மா வாயால சொன்னா மேல ஒத்துக்க மாட்டாங்க" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. அன்று சாயங்காலம் படியிறங்கும்போது அவனிடம் கேட்டேன். "நீ எந்த டாக்டர்கிட்ட வாங்குன சர்டிஃபிகேட்?"

"சர்டிஃபிகேட்டா? எதுக்கு?"

"கோதுமை ஆகாதுன்னு."

"அதெல்லாம் இல்லையே மச்சா. எங்க அத்தை அமெரிக்கால இருக்காங்க. அவங்களுக்கு இது இருக்கு. போன்ல பேசும்போது எனக்கு இப்படி இப்படின்னு சொன்னேன். 'உனக்கும் அதேதான்டா, நிறுத்திடு'ன்னாங்க. நிறுத்திட்டேன்."

"மேடம் கேக்கலையா?"

"ஏன் கேக்கணும்?" என்றான். உண்மையாகவே புரியாமல் கேட்டான்.

பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ராஜாஜிநகர் வரை அதையே மென்றுகொண்டு போனேன். அவனுடைய ஐஸ்கிரீம் மேல் இருந்த பொறாமையெல்லாம் சின்னப்பிள்ளைத்தனம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவன் வாயைத் திறந்து சொன்னால் போதுமாயிருந்தது. அதுதான் எனக்கு வேண்டும். அது எந்தக் கடையிலும் கிடைக்காது.

லீவு போட்டுப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனேன். வயிற்று டாக்டர் தலையாட்டிக் கேட்டார். ரத்தத்தில் பார்க்கலாம், தேவைப்பட்டால் குழாய் விட்டும் பார்க்கலாம் என்றார். எனக்கு நாக்கில் தேன் சொட்டியது போல இருந்தது. பிறகு, "இப்போ கோதுமை சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார், நிறுத்திட்டேன். அதனாலதான் நல்லா இருக்கேன்."

"அப்போ இந்த டெஸ்ட்ல ஒண்ணும் தெரியாதே. சில வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுட்டு வாங்க. உடம்பு அதோட சண்டை போட்டாத்தான் ரத்தத்துல காட்டும்." அவர் அடுத்த நோயாளியின் சீட்டைக் கையில் எடுத்துவிட்டார். "அதுலயும் ஒண்ணும் இல்லைன்னு வரலாம். அப்பவும் வலி இருக்கலாம். கோதுமை இல்லாம நல்லா இருந்தா அப்படியே விட்டுடுங்களேன்."

விட்டுவிடலாம்தான். விட்டால் சர்டிஃபிகேட் கிடையாது. சாப்பிட்டால் மறுபடி பெடலை விட்டு ஓட வேண்டும், ஏறிய கவுண்ட் சரியும், கன்ஃபர்மேஷன் போகும். எனக்கு நோய் இருக்கிறது என்று காட்ட வேண்டுமானால் வேலையை இழக்க வேண்டும். வேலை வேண்டுமானால் நோய் இல்லாதவனாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் சமோசா விற்றுக்கொண்டிருந்தார்கள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வாங்காமல் வந்துவிட்டேன்.

நான் தனக்குத் துணையாகிவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். வெளிச் சாப்பாட்டை நம்ப முடியாது என்று என் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிடத் தொடங்கியிருந்தான். களி, கீரை, அம்மாவின் ரசம். ரசத்தை டப்பா மூடியில் ஊற்றி டீ மாதிரி உறிஞ்சுவான். "உங்கம்மா ரசம்தான் மச்சா என் வயித்துக்கு மருந்து. குடிச்ச நாள்ல ஒரு தொந்தரவும் இல்ல." இதை வாராவாரம் சொல்வான். எனக்கும் அந்த ரசம் ஒன்றும் செய்யவில்லை.

ப்ரொபேஷன் முடிகிற வாரம். வெள்ளிக்கிழமை. எல்லோரும் சாப்பிட்டு முடித்து, மூடியில் ரசம் சுற்றிக்கொண்டிருந்தது. மேடமும் ஒரு மூடி வாங்கிக் குடித்தார்.

"வாசனை தூக்குதுப்பா. பெருங்காயம் எது போடறாங்க உங்கம்மா?"

"சாதாக் கட்டிப் பெருங்காயம்தான் மேடம். தட்டிப் போடுவாங்க."

"அதானே பாத்தேன். எங்க மாமியார் வீட்டுல மளிகைக் கடை. அந்தக் கட்டியில முக்கால்வாசி மைதாதான் கலப்பாங்க, இல்லன்னா கட்டியே ஆகாது…" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மூடியை வாயருகே வைத்திருந்த அவனைப் பார்த்து நிறுத்தினார். "ஐயோ. மைதா. கோதுமைதானே அது? உங்களுக்கு…"

அவன் முகம் வெளுத்தது. மூடியை மெதுவாகக் கீழே வைத்தான். கை வயிற்றுக்குப் போனது. "எத்தனை வாரமா குடிக்கிறேன்…" என்றான். நெற்றியில் வியர்வை. நடிப்பு இல்லை. நான் பக்கத்தில் இருந்தேன், அவன் வயிறு இழுப்பது சட்டை மேலேயே தெரிந்தது.

அதே நேரத்தில் எனக்கும் தொப்புளைச் சுற்றி அந்தப் பழைய கை பிடித்து முறுக்கியது. இரண்டு மாதமாக இந்த அளவுக்கு வராத முறுக்கல். மைதா என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில்.

இருவரும் வாரக்கணக்கில் அதைக் குடித்திருக்கிறோம். அவன் வீட்டு சாம்பாரிலும் அதுதான் இருந்திருக்கும். குடித்த நாளெல்லாம் சுகமாக இருந்தோம். தெரிந்த நொடியில் வலித்தது. மனசுக்காரர் அங்கே இருந்திருந்தால் மென்றுகொண்டே, பார்த்தீர்களா என்று சொல்லியிருப்பார். நான் அவருக்கு ஒன்று சொல்லியிருப்பேன்: சார், நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும், ஆனால் இந்த வலியில் பொய் ஒரு துளி இல்லை, வந்து தொட்டுப் பாருங்கள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் நினைத்தேன்.

மேசை முழுக்கப் பதறியது. ஒருத்தி தண்ணீர் கொண்டு வந்தாள். ஒருவன் கீழே ஓடிப் போய் ஆட்டோ பிடித்தான். "என் தப்புதான்ப்பா, நான் சொல்லியிருக்கவே கூடாது" என்று மேடம் அவன் முதுகைத் தடவினார். அவனை வீடு வரை கொண்டுபோய் விட இரண்டு பேர் கூடப் போனார்கள். வேலை நேரத்தில் போன இரண்டு பேருக்கும் கவுண்டில் கழிக்கவில்லை.

நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்தவன் டப்பாவை மூடியபடி, "உனக்கென்னடா, பயந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான்.

பாத்ரூமிலிருந்து வந்து நேராக மேடத்தின் மேசைக்குப் போனேன். அந்தத் தைரியம் எனக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. பொறாமைக்கும் ஒரு தைரியம் உண்டு போல.

"மேடம், அவன்கிட்ட சர்டிஃபிகேட் கேட்டீங்களா?"

அவர் ஃபைலிலிருந்து கண்ணை எடுத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். யோசித்தார். "இல்லப்பா. கேக்கல." ஃபைலை மூடிவிட்டு, "கேக்கணும்னே தோணல" என்றார். மறைக்கவில்லை, மழுப்பவும் இல்லை.

"எனக்கும் இப்போ அதே வலி மேடம். அவனுக்கு வந்த அதே நேரத்துல."

"இருக்கும்ப்பா. நான் இல்லைன்னு சொல்லல." குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. உன் கவுண்ட் ரெண்டு மாசமா நல்லா இருக்கு. உன் பேர மேல அனுப்பிட்டேன். நாளைக்குக் கூப்பிடுவாங்க. உடம்பு எப்படின்னு கேட்டா நல்லாயிருக்குன்னு சொல்லு. வயிறு கியிறுன்னு ஆரம்பிச்ச, இன்னும் மூணு மாசம் இழுத்துடுவாங்க. அவருக்கு இழுத்தாலும் ஒண்ணும் குறைஞ்சிடாது. உனக்கு ஆகுமா?"

ஆகாது. மேடத்துக்கும் அது தெரிந்திருந்தது. என் நல்லதுக்குத்தான் சொன்னார்.

மறுநாள் கூப்பிட்டார்கள். "உடம்பெல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டார் மேலாளர். "ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றேன். வேலை நிரந்தரம் என்று கை கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அம்மா கேசரி கிண்டினாள். ரவை. அதுவும் கோதுமைதான். சந்துக்கெல்லாம் கிண்ணத்தில் கொடுத்தனுப்பிவிட்டு, என் முன்னால் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாப்பிட்டேன். வலி வந்ததா என்றால், வந்தது. ரவைக்கு வந்ததா, அம்மா பார்த்துக்கொண்டிருந்ததற்கு வந்ததா என்று கேட்டால் பதில் இல்லை. எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தேன்.

திங்கட்கிழமை அவன் வந்தான். வாசலிலிருந்து சீட் வரை ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்தார்கள். அவனுக்குப் ப்ரொபேஷன் நீட்டித்திருந்தார்கள், அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலை எடுத்தான்.

"மச்சா, அம்மா பால் பெருங்காயம் வாங்கிட்டாங்க. சுத்தமானது, மைதா கிடையாது. உங்கம்மாவுக்கும் ஒரு பாட்டில் கொண்டாந்திருக்கேன். இனிமே நாம ரெண்டு பேரும் பயப்படாம ரசம் குடிக்கலாம்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடமும் இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்திருந்தார். அவர் என் முகத்தையே பார்ப்பது தெரிந்தது.

"எனக்கு எதுக்குடா அது?" என்றேன். "எனக்கு எல்லாம் ஆகும்."

எதிரில் இருந்தவனின் டப்பாவிலிருந்து ஒரு சப்பாத்தியை எடுத்து, பாட்டிலைப் பிடித்திருந்தவன் பார்க்கப் பார்க்கப் பிய்த்துத் தின்றேன். அவன் பாட்டிலை மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டான். "லக்கி டா நீ" என்றான். அதில் கிண்டல் இல்லை. என் வயிற்றைப் பார்த்து அவனுக்கு உண்மையிலேயே பொறாமை.